சின்னப்பண்ணையின் இரண்டு சீட்டுக் கார்

போன வாரம் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஒரு கார் கிளம்ப மறுத்துவிட்டது. மூன்றாவது மாடிப் பையனுடையது. வருஷக்கணக்கில் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்த கையோடு சாவியைத் திருகினால் அது கேட்குமா? பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, கைப்பேசியில் எவனோ சொல்வதைக் கேட்டுக்கொண்டு நின்றான். என்னை யாரும் கூப்பிடவில்லை. இந்த மாதிரி விஷயங்களில் கூப்பிடாமலே போய் நிற்பது என் பழக்கம். என் மனைவி இதற்கு வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது. பெட்ரோல் மூடியைத் திறக்கச் சொன்னேன். குப்பென்று வந்தது வாடை. நாள்பட்ட பெட்ரோலின் வாடை உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. புதுசு மூக்கில் ஏறி இறங்கிவிடும். பழசு தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும், காய்ந்துபோன வார்னிஷ் டப்பாவைத் திறந்த மாதிரி. பையன் மூக்கைப் பொத்திக்கொண்டான். நான் இன்னொரு தடவை நன்றாக இழுத்து மோந்துவிட்டு, மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு வைக்கோல் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அப்போது மன்னார்குடியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் எனக்கு வேலை. சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நாங்கள் தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் குடும்பம். தாத்தா ஒரு பண்ணையில் ஆளாக இருந்தவர். அப்பா சபைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். நான் தொழிற்பள்ளியில் ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொண்டேன், அதற்கு ஒரு சர்ட்டிபிகேட்டும் தந்திருந்தார்கள். "எந்த ஊர்னு கேட்டா ஊரைச் சொல்லு, எந்தத் தெருன்னு கேட்டா காது கேக்காத மாதிரி இரு" என்பது அம்மா எனக்குச் சொல்லி அனுப்பிய புத்தி. ஒர்க்‌ஷாப்பில் நான் தொட்டதெல்லாம் நெல் லாரியும் டிராக்டரும்தான். சீமைக் காரை காலண்டர் படத்தில் பார்த்ததோடு சரி.

ஆட்சி மாறிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. டவுனில் எங்கே திரும்பினாலும் கறுப்பு சிவப்புக் கரைவேட்டி. கிராமத்துக்குள் போனால் வரப்புக்கு வரப்பு செங்கொடி. கூலிநெல்லைக் கூட்டிக் கொடு என்று ஆட்கள் அறுவடையை நிறுத்துவார்கள், மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்குவார்கள், பின்னாலேயே போலீஸ் வேன் வரும். அதற்கப்புறம் நடப்பது எதுவும் நல்லதாக இருக்காது. அப்படிப்பட்ட ஒரு ஊரிலிருந்து ஒரு சாயந்தரம் ஆள் வந்தது. அந்த ஊர் மிராசுதார் சின்னப்பண்ணையின் கார் ரொம்ப காலமாகச் சும்மா கிடக்கிறதாம், நாளைக் காலையில் அது ஓடியாக வேண்டுமாம். ஊர்ப் பெயரைக் கேட்டதுமே எங்கள் முதலாளிக்கு முதுகுவலி வந்துவிட்டது. "தம்பி, நீ படிச்ச புள்ள. நீயே போயிட்டு வந்துடு" என்றார். நான் படித்தவன் என்பதை அந்த மனிதர் அதற்கு முன்னால் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

முதல் பஸ்ஸில் போனேன். ஒரு கையில் டூல்ஸ் பெட்டி, இன்னொரு கையில் பெட்ரோல் டின், சாக்கில் சுற்றிய சார்ஜ் ஏற்றின பேட்டரி மடியில். கண்டக்டர் என்னைத் திட்டின திட்டில் பஸ்ஸில் பாதிப்பேர் சிரித்துக்கொண்டே வந்தார்கள். கடைசி ஸ்டாப்பில் சின்னப்பண்ணையே வந்து நின்றுகொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். சலவை மடிப்புக் கலையாத சட்டை, வேட்டி, எங்கேயோ கிளம்பத் தயாரான கோலம். என் தலையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்.

"ஓடுமா தம்பி?"

"ஓடும்ங்க" என்றேன். காரைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. அந்த வயசு அப்படி. என் ஒரு வார்த்தையை நம்பி, திரும்பிப் போகும் பஸ்ஸை அவர் விட்டுவிட்டார். அடுத்த பஸ் சாயந்தரம்தான்.

அந்த பஸ்ஸை விட்டது எவ்வளவு பெரிய காரியம் என்பதைக் கொட்டகைக்கு நடக்கும்போதுதான் கூட வந்த பண்ணைக் கணக்குப்பிள்ளை சொன்னார். குறுவை நெல் முற்றி, தொட்டால் கொட்டும் பதத்தில் நின்றது. கிழக்கே கடல் பக்கம் தினமும் மேகம் கட்டுகிறது. ஒரு மழை அடித்தால் கதிர் சாய்ந்து சேற்றிலேயே முளைத்துவிடும். அப்புறம் பண்ணைக்கு நெல்லும் இல்லை, ஆட்களுக்குக் கூலியும் இல்லை. வேலைநிறுத்தம் நீண்டுகொண்டே போய்ச் சேரியில் வயல்நண்டும் கீரையும்தான் சாப்பாடு. பகல் பன்னிரண்டு மணிக்கு இரண்டு தரப்பும் மன்னார்குடித் தாலுகா ஆபீசுக்கு வந்து கூலி பேசி முடிக்க வேண்டும் என்று தாசில்தார் சொல்லியிருந்தார். ஒரு தரப்பு வராவிட்டாலும் பேச்சு முறிந்த கணக்கு. முறிந்தால் மறுநாள் விடியும்போது வெளியூர் ஆட்களும் போலீசும் வயலில் இறங்கும். அதை ஏற்பாடு செய்து வைத்திருந்தவர் சின்னப்பண்ணையின் அண்ணன், பெரியபண்ணை. நிலம் இருவர் பெயரிலும் இருந்தது. அண்ணனுக்கு ஆட்களோடு உட்கார்ந்து பேசுவது என்பதே பிடிக்காது. தம்பிக்குத் தன் வயலில் ரத்தம் சிந்துவதைப் பார்க்கத் தெம்பு கிடையாது. தம்பி பேசப் போகிறான் என்று தெரிந்ததும் அண்ணன் வீட்டிலிருந்த பெரிய காரை எடுத்துக்கொண்டு கும்பகோணம் போய்விட்டார். மாட்டுவண்டி பூட்டலாம் என்றால் ஓட்டுகிறவர்கள் வேலைநிறுத்தத்தில். மிச்சம் இருந்தது கொட்டகையில் கிடந்த கார் ஒன்றுதான்.

பஸ்ஸில் போனால் என்னவாம் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன், மனசுக்குள். பண்ணைக்காரர் பஸ்ஸில் போய் இறங்கினால் பேச ஆரம்பிப்பதற்கு முன்பே தோற்றுவிட்டதாக அர்த்தம், கார் ஓடாது என்று நான் சொல்லியிருந்தால்தான் வேறு வழியில்லாமல் ஏறியிருப்பார் என்று கணக்குப்பிள்ளை விளக்கினார். அந்தக் காலத்து கௌரவங்களுக்கெல்லாம் நம்மால் பதில் சொல்ல முடியாது.

கொட்டகைக் கதவைத் திறந்து வைக்கோல் கட்டுகளை இழுத்துப் போட்டதும் கார் தெரிந்தது. அடடா! புழுதி மூடிக் கிடந்தும் அழகு குறையவில்லை. இடுப்பு உயரம்கூட இல்லை, நீளமான மூக்கு, மேலே மூடி இல்லை, இரண்டே சீட்டு. சீமைக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரன் ஒருவனிடம் மதராசில் காலேஜ் படிக்கும்போது சின்னப்பண்ணை வாங்கினதாம். நிறம் நல்ல ரத்தச் சிவப்பு. வம்பே அதனால்தான் வந்திருக்கிறது. ஊரில் செங்கொடி ஏற ஆரம்பித்ததும் ஒரு கல்யாண வீட்டில் யாரோ, "என்னங்க, நீங்களும் சங்கத்துல சேந்துட்டீங்களா? வண்டி மேல பூராவும் கொடியப் பூசிட்டு வர்றீங்க!" என்று கேட்டுத் தொலைத்துவிட்டார்கள். பந்தி முழுக்கச் சிரிப்பு. அண்ணன்தான் அதிகமாகச் சிரித்தாராம். மறுநாளே கார் கொட்டகைக்குப் போய்விட்டது. ஒரு காரை நிறுத்துவதற்கு நான் கேட்ட காரணங்களிலேயே இதை மிஞ்சினது கிடையாது.

வேலையை ஆரம்பித்தேன். டேங்கைத் திறந்ததும் நான் சொன்னேனே, அதே வாடை. பழசை வடித்துக் கொட்டிவிட்டுப் புதுசை ஊற்றினேன். ஏர் பில்டருக்குள் எலி குடும்பமே நடத்தியிருந்தது. ஒரு உழக்கு நெல்லாவது தேறும். பிளக்கைக் கழற்றி உள்ளே எண்ணெய் விட்டு ஊறவைத்து, ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினால் இன்ஜின் முனகிக்கொண்டே சுற்றியது. அந்த முனகலைக் கேட்டதும் எனக்குப் பாதி உயிர் வந்தது. பாயிண்டைத் தேய்த்தேன், கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினேன். பெட்ரோல் பம்ப் சீட்டுக்குப் பின்னால் இருந்தது, கரண்டில் ஓடுகிற தினுசு. அடம் பிடித்தது. ஸ்பேனரால் இரண்டு தட்டு தட்டினதும் டிக் டிக்கென்று அடிக்க ஆரம்பித்தது. சின்னப்பண்ணை சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத் தானே சக்கரத்துக்குக் காற்றடித்தார். நடுநடுவே காரின் மூக்கைத் தடவிக் கொடுத்துக்கொண்டார், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து.

அந்த நேரத்தில் கொட்டகை வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. பக்கிரி. சங்கத் தலைவர். முன்னே இதே பண்ணையில் ஆளாக இருந்தவர், இந்தக் கொட்டகையில் எந்த மூலையில் எது கிடக்கும் என்று தெரிந்தவர். தோளில் சிவப்புத் துண்டு. அதை எடுக்கவில்லை.

"வண்டி ஓடலன்னு சொல்லிட்டு வராம நின்னுடலாம்னு பாக்குறீங்களா?" என்றார்.

சின்னப்பண்ணைக்கு முகம் சிவந்தது. ஆனால் அவருக்கு அப்போது ஒரு பெரிய சங்கடம் இருந்தது. பக்கிரியை 'வாடா போடா' என்று கூப்பிட்டுப் பழகிய வாய். இப்போது அப்படிக் கூப்பிட முடியாது, 'வாங்க' என்று சொல்ல வாயும் வராது. அதனால் அந்த மனிதர் எதிரில் நிற்கிற ஆளைப் பற்றி என்னிடம் பேசினார்: "தம்பி, பக்கிரி வேணும்னா உள்ள வந்து பாத்துக்கட்டும். நான் ஒண்ணும் ஓடி ஒளியிற ஆள் இல்ல."

"பாத்துக்குறேன்னு சொல்லு தம்பி" என்றார் பக்கிரி. அவரும் என்னிடமே சொன்னார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் தபால்காரன்.

ஸ்டார்ட் பண்ணினேன். இன்ஜின் ஒரு தும்மல் தும்மிவிட்டு அணைந்தது. மறுபடியும் ஒரு தும்மல், மறுபடியும் அமைதி. பொறி வருகிறது, பெட்ரோல் வருகிறது, காற்று வருகிறது, பிறகு என்ன கேடு இதற்கு? கார்புரேட்டர் வழியாகத் திருப்பி என் மூஞ்சியில் துப்புகிறது. இன்னொரு முறை பிளக்கைத் துடைத்தேன். ஏசுவே, என் மானத்தைக் காப்பாற்று என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சைக்கிளில் மன்னார்குடி போக வேண்டும் என்றால் பக்கிரி அப்போதே மிதிக்க ஆரம்பித்திருக்க வேண்டும். அவர் போகவில்லை. இவர் வராமல் தான் மட்டும் போய் என்ன பிரயோசனம்?

தள்ளிப் பார்க்கலாம் என்று காரைத் தெருவுக்குக் கொண்டுவந்தோம். நான் ஸ்டீயரிங்கில். பின்னால் சின்னப்பண்ணையும் கணக்குப்பிள்ளையும் சமையற்காரரும். கியரில் விட்டதும் கார் கல்லாட்டம் நின்றுவிட்டது. வாய்க்கால் ஓரம் சேரி ஆட்கள் கூடி வேடிக்கை பார்த்தார்கள். பண்ணைக்காரர் வேர்த்து விறுவிறுத்துக் கார் தள்ளும் காட்சியை யார்தான் விடுவார்கள்? பக்கிரி கொஞ்ச நேரம் பார்த்தார். "தள்ளுற தள்ளைப் பாரு" என்று முணுமுணுத்துக்கொண்டே சைக்கிளைச் சாத்திவிட்டு வந்து குனிந்து தோள் கொடுத்தார்.

குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"தம்பி, நிறுத்து" என்றார். குரலே மாறியிருந்தது. "சைலன்சர் குழாயப் பாத்தியா?"

நான் இறங்கி ஓடினேன். காருக்கு அடியில் மல்லாந்து படுத்துக் காலையெல்லாம் உருண்டவன், குழாயின் வாயை மட்டும் பார்க்கவில்லை. புழுதியோடு புழுதியாக, வழவழவென்று, மண் அடைத்துப் பூசியிருந்தது!

"நாந்தான் பூசுனேன்" என்றார் பக்கிரி. இப்போது நேராகச் சின்னப்பண்ணையைப் பார்த்துச் சொன்னார். "நீங்கதான சொன்னீங்க, எலி பூராம பத்திரமா மூடி வைன்னு? வெதைக்கோட்டைக்குப் பூசுற மாதிரி வைக்கலத் திணிச்சு, களிமண்ணும் சாணியும் கொழச்சுப் பூசிட்டேன். நெல்லா இருந்தா இந்நேரத்துக்கு மொளப்பு மாறாம இருந்திருக்கும்!"

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கினேன். விதைநெல்லை அப்படித்தான் கட்டுவார்கள்: வைக்கோலால் கோட்டை கட்டி, சாணியும் மண்ணும் பூசி, காற்றுப் புகாமல். அந்த ஊரில் ஒரு பொருளை இதைவிடப் பத்திரமாக வைக்க யாருக்கும் தெரியாது. பாவம், கார் மூச்சுவிடும் என்பது அவருக்கும் தோன்றவில்லை, சொன்னவருக்கும் தோன்றவில்லை. சின்னப்பண்ணை குனிந்து குழாயின் வாயைத் தடவிப் பார்த்தார். அப்புறம், "ஆமா... நான்தான் சொன்னேன்" என்றார்.

ஸ்குரூ டிரைவரால் குத்தினேன். அசையவில்லை. சாணி காய்ந்தால் சிமெண்டு தோற்றுப் போகும். "கருக்கரிவாள் ஒண்ணு குடுங்க" என்று பக்கிரி கை நீட்டினார். கணக்குப்பிள்ளை கதிர் அறுக்கிற அந்த அரிவாளை எடுத்து வந்தார். வாய்க்கால் ஓரத்தில் நின்ற கூட்டத்தில் ஒரு சத்தம்: "அண்ணே! பேச்சு முடியிற வரைக்கும் பண்ணையில யாரும் அருவாளத் தொடக் கூடாதுன்னு நீங்கதானண்ணே தீர்மானம் போட்டீங்க!"

பக்கிரி அரிவாளும் கையுமாக நின்றார். பார்க்கப் பாவமாக இருந்தது. "டேய், அது கதிருக்குப் போட்ட தீர்மானம்டா, கொழாய்க்கு இல்ல!" என்று கத்திவிட்டு உட்கார்ந்து குடைய ஆரம்பித்தார். சின்னப்பண்ணை சிரித்துவிட்டார். அன்றைக்கு அதுதான் அவருடைய முதல் சிரிப்பு.

குடைந்தது போதும் என்று சொல்லி ஸ்டார்ட் பண்ணினேன். பட்டென்று ஒரு வெடி. மிச்சமிருந்த மண்ணும் வைக்கோலும் தெருவில் சீறிக்கொண்டு போய்ச் சமையற்காரர் வேட்டியில் அடித்தது. கோழிகள் கூரைக்குப் பறந்தன. அப்புறம் அந்தச் சத்தம் வந்தது பாருங்கள், அடிவயிற்றிலிருந்து கிளம்பும் உறுமல். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புகையால் என்று அப்போது சொன்னேன், இப்போது சொல்ல மாட்டேன்.

ஆனால் நேரம் ஓடிவிட்டது. பக்கிரி சைக்கிளை எடுத்தார். "எப்பப் போயிச் சேர்றது?" என்றார் சின்னப்பண்ணை, சைக்கிளைப் பார்த்து. அது உண்மை. இவர் மட்டும் போய் அவர் பிந்தினாலும் பேச்சு முறிந்ததுதான். சின்னப்பண்ணை ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தார். வழியில் நின்றால் பார்க்க நானும் வந்தாக வேண்டும். மிச்சம் ஒரு சீட்டு. சீட்டுக்குப் பின்னால் பெட்டி வைக்கிற மாதிரி ஒரு திட்டு.

"தம்பி, நீ முன்னால ஏறு" என்றார் சின்னப்பண்ணை. பக்கிரி தானாகவே பின்பக்கம் போனார். அவருக்கும் அதுதான் சரி என்று பட்டிருக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம். எனக்கு என்னமோ தாத்தா ஞாபகம் வந்தது. "இல்லீங்க, நான் பின்னாலதான் இருக்கணும். பம்ப் நின்னா தட்டணும், அது அங்கதான் இருக்கு" என்றேன். அதில் பாதி நிஜம். பக்கிரிக்கும் தட்டக் கை இருக்கிறதே என்று யாரும் கேட்கவில்லை.

வாய்க்கால் ஓரத்துக் கூட்டம் எட்டி எட்டிப் பார்த்தது. சின்னப்பண்ணை முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கிரி கதவைத் திறந்தார். அந்தக் காரில் ஏற முடியாது, இறங்க வேண்டும். தரையோடு தரையாகச் சீட்டு. உட்கார்ந்தார். முழங்காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தோள் இடித்தது. இருவரும் ஒதுங்கப் பார்த்தார்கள், ஒதுங்க இடம் இல்லை.

"காலை நீட்டிக்கலாம்" என்றார் சின்னப்பண்ணை. யாரிடம் சொல்கிறார் என்பது இந்தத் தடவை எல்லோருக்கும் தெரிந்தது.

தார் ரோடு ஏறியதும் மனிதருக்கு வாலிபம் திரும்பிவிட்டது. மிதி மிதியென்று மிதித்தார். "பயமா இருக்கா?" என்று காற்றில் கத்தினார். "உங்களப் பாத்தா இல்லீங்க. பிரேக்க நெனச்சாத்தான்!" என்று பக்கிரி கத்தினார். பாமணியாற்றுப் பாலம் வருவதற்குள் கூலிச் சண்டை ஆரம்பித்துவிட்டது. "நீங்க கேக்குற கூலிய வயல வித்துத்தான் குடுக்கணும்!" என்றார் இவர். கோபத்தில் 'நீங்க' வந்துவிட்டதை அவரே கவனிக்கவில்லை. "வித்தா எங்ககிட்டயே வித்துடுங்க!" என்றார் அவர். பின்னால் நான் ஸ்பேனரால் பம்பைத் தட்டிக்கொண்டே, ஆண்டவரே பிரேக்கைக் காப்பாற்று என்று வேண்டிக்கொண்டே போனேன். எதிரே வந்த பஸ்காரன் அவர்களைப் பார்த்துவிட்டு வண்டியை ஓரம் கட்டி நிறுத்தியே விட்டான்.

பன்னிரண்டு அடிக்கும் முன்னால் தாலுகா ஆபீஸ் வேப்பமரத்தடியில் போய் நின்றோம். நின்றோம் என்பதைவிட, மரம் நிறுத்தியது. தாசில்தார் வராந்தாவுக்கு வந்து, இருவரும் ஒரே காரிலிருந்து இறங்குவதைப் பார்த்தார். "சேந்துதான் வர்றீங்க, அப்புறம் நான் என்னத்துக்குய்யா?" என்றார். முக்கால்வாசிச் சண்டையை வழியிலேயே கத்தித் தீர்த்திருந்தார்கள். மிச்சத்தை டீ வருவதற்குள் முடித்தார்கள். இரண்டு பேருக்கும் திருப்தி இல்லை, அதனால் அது நியாயமான முடிவாகத்தான் இருக்க வேண்டும். மறுநாள் அறுப்பு. நடுவில் ஒரு மழை வந்து கொஞ்சம் நனைத்தது, ஆனால் பெரும்பாலும் கரையேறிவிட்டது. முதலாளி காரில் சொகுசாகப் போனான் என்று பக்கிரிக்குச் சங்கத்தில் திட்டு. பக்கத்தில் யாரை உட்காரவைத்தாய் என்று சின்னப்பண்ணைக்கு அண்ணனிடம் திட்டு. அண்ணன் அப்புறம் சாகிறவரை அந்தக் காரில் கால் வைக்கவில்லையாம்.

காரை எப்போதோ விற்றுவிட்டார்கள். சின்னப்பண்ணையும் இல்லை, பக்கிரியும் இல்லை. நிலத்தில் கொஞ்சம் உச்சவரம்புச் சட்டத்தில் போனது, கொஞ்சம் விலைக்குப் போனது. அந்தக் காலம் நல்ல காலம் என்று நான் சொல்லமாட்டேன், சொன்னால் என் தாத்தா கல்லறையிலிருந்து எழுந்து வந்து உதைப்பார். ஆனால் போன தை மாதம் திருத்துறைப்பூண்டிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனவன் ஆசைப்பட்டு அந்த ஊரில் இறங்கினேன். வயலில் அறுவடை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டுகிற பையன் ஆத்தூர்ப் பக்கமாம். ஒரு ஆள்கூட அரிவாளோடு நிற்கவில்லை. வரப்பில் ஒருவர் நின்றார், விசாரித்தால் பக்கிரியின் பேரன். அதே நெற்றி.

"யாரு வயலு தம்பி இது?"

"சின்னப்பண்ணை வயலுதாங்க. அவரோட பேத்தி அமெரிக்காவுல இருக்காங்க. நான்தான் குத்தகைக்குப் பண்றேன்."

"குத்தகை எல்லாம் சண்டை சச்சரவு இல்லாமப் போவுதா?"

"சண்டையா?" என்று சிரித்தார். "பணத்தப் போன்ல அனுப்பிச்சுடுவேன், வந்துடுச்சுன்னு பதில் வரும். அவ்வளவுதாங்க. அவங்கள நான் பாத்ததே இல்லையே. எதுத்தாப்ல வந்து நின்னாக்கூட யாருன்னு எனக்குத் தெரியாது."